நகராத கோரைப்பல்: நகரி எல்லையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆந்திரத்தின் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கமும் தமிழ்நாட்டின் திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கமும் நடுவில் ஒரு மாநில எல்லை ஓடினாலும் ஒரே நெசவு நாடுதான். வீட்டில் தமிழ் பேசுவார்கள், கடைத்தெருவில் தெலுங்கு பேசுவார்கள். எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். பல் சீரமைப்பு மருத்துவராக நான் வேலை செய்வது இந்தப் பகுதியில்தான். கிளிப் போட வருகிறவர்களில் பாதிப் பேர் தறி வீட்டுப் பிள்ளைகள்.

இங்கே எழுதுவது 24 வயதுப் பெண் ஒருவருக்கு நடந்த சிகிச்சை பற்றி. அவரும் அவருடைய அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, 16 வயதிலிருந்து தறி ஓட்டுகிறார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் நான்கு தறிகள் அவர் பொறுப்பு. காலை ஏழுக்கு முன்பே உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். பாவு இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போடுவதும், ஊடை நூல் சுற்றிய தாரை மாற்றுவதும், மீண்டும் நிமிர்வதுமாகவே நாள் போய்விடும்.

மேல்வரிசை முன்பற்கள் 8 மி.மீ. துருத்தியிருந்தன. வலது கோரைப்பல் தெத்தாக மேலே ஏறியிருந்தது. கல்யாணப் பேச்சு எடுத்திருந்ததால் அதற்குள் முடிக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். மேல்தாடையில் இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, அந்த இடத்துக்குக் கோரைப்பற்களைப் பின்தள்ளி, பிறகு முன்பற்களை உள்ளே இழுப்பது என்று திட்டமிட்டேன். 20 முதல் 22 மாதம் ஆகும் என்று சொன்னேன்.

முதல் நாள் கேள்விப் படிவத்தில், “தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகள்” என்ற இடத்தில் “ஒன்றுமில்லை” என்று எழுதியிருக்கிறது. பின்னால் அந்த ஒரு வார்த்தைக்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

முதல் ஆறு மாதம்

மாசியில் கிளிப் போட்டோம். மெல்லிய கம்பியில் தொடங்கி, பற்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டு வருவதற்கு ஆவணி ஆகிவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மாதம் கூடுதல். தெத்துப்பல் அதிக உயரத்தில் இருந்ததால் தாமதம் என்று எடுத்துக்கொண்டேன். இன்று அந்தக் குறிப்பைப் படித்தால், அங்கேயே ஒரு நிமிடம் நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பல் நின்றுபோன நான்கு மாதம்

ஆவணியில் கோரைப்பல்லைப் பின்னிழுக்கும் வேலை தொடங்கியது. உறுதியான எஃகுக் கம்பி, 150 கிராம் விசை தரும் சுருள் வில். கோரைப்பல்லுக்கும் அதன் பின்னால் உள்ள பல்லுக்கும் இடையில் வலப்பக்கம் 5.5 மி.மீ. இடைவெளி, இடப்பக்கம் 5. இப்படிப்பட்ட விசைக்கு மாதம் ஏறக்குறைய 1 மி.மீ. நகரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வயது வந்தவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம்.

புரட்டாசியில் வலப்பக்கம் 5.2. ஐப்பசியில் 5.0. முதல் சில வாரம் பல் தயங்குவது இயல்புதான், இரண்டாவது மாதத்திலும் தயங்குவது இயல்பில்லை. கம்பி எங்கேயாவது சிக்குகிறதா என்று பார்த்தேன். வலது கடைவாய்ப்பல் குழாயில் கம்பி முனை சற்று மடங்கியிருந்தது. புதுக் கம்பி மாற்றினேன்.

அதோடு இன்னொன்றும் செய்தேன், அது தவறு. சுருள் வில்லை எடுத்துவிட்டு பவர் செயின் என்ற ரப்பர் போன்ற மீள் சங்கிலியை இறுக்கமாக மாட்டி விசையைக் கூட்டினேன். கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று அம்மா வருந்தியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் முடிவு என்னுடையது. விசையைக் கூட்டினால் பல் வேகமாக நகரும் என்பது பார்வைக்குத்தான் சரி. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள மெல்லிய தசைநார்ப் படலம் அளவுக்கு மீறி நசுங்கினால் அதற்குள் ரத்த ஓட்டம் நின்றுவிடும், அந்த இடத்துச் செல்கள் செத்துவிடும். எலும்பைக் கரைக்க வேண்டிய செல்கள் பின்பக்கத்திலிருந்து சுற்றி வர வேண்டியிருக்கும். அதுவரை பல் நகராது. வேர் முனை கரையும் ஆபத்தும் கூடும்.

கார்த்திகையில் 4.9. மார்கழியிலும் அதே 4.9. இடப்பக்கமும் இதே கதைதான்: நான்கு மாதத்தில் 5 மி.மீ. 4.4 ஆகியிருந்தது.

மார்கழியில் கவனித்தவை

அன்று விசையை முழுவதும் எடுத்துவிட்டு முதலிலிருந்து பார்த்தேன். பல் எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் தட்டும்போது உலோகம் போன்ற கணீர் ஒலி வரும், இம்மியும் ஆடாது. இவருக்கு ஒலி சாதாரணமாக இருந்தது, இயல்பான சிறு அசைவும் இருந்தது. ஈறு நன்றாகவே இருந்தது. எக்ஸ்ரேயில் வலது கோரைப்பல்லின் வேர் முனை லேசாக மழுங்கி, தொடக்கப் படத்தோடு ஒப்பிட்டால் சுமார் 1 மி.மீ. குறைந்திருந்தது. வேரைச் சுற்றி எலும்பு காட்டும் வெள்ளைக் கோடு சில இடங்களில் மங்கலாகத் தெரிந்தது. அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது, ஆனால் குறித்துக்கொண்டேன்.

நாற்காலியிலிருந்து எழுந்தபோது இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றித்தான் எழுந்தார். 24 வயதுப் பெண். ஏன் என்று கேட்டேன்.

“தொடை ரெண்டும் கழண்டு போற மாதிரி இருக்கு டாக்டரம்மா. இந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போனோம். போன வருஷம் ஏறினேன். இந்த வருஷம் பாதிப் படியிலேயே உட்கார்ந்துட்டேன்.”

மலைக்கோயிலுக்கு 365 படி. சின்ன வயதிலிருந்து காவடி எடுப்பவர்களோடு ஏறிப் பழகியவர்.

“அந்த வலிக்கு என்னம்மா பண்றே?”

“தெனம் ஒரு மாத்திரை போட்டுக்குவேன். வேலை ஜாஸ்தின்னா ரெண்டு.”

“முதல் நாள் மாத்திரை எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கியே?”

“அது உடம்பு வலி மாத்திரைதானே.”

பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை. கிட்டத்தட்ட பத்து மாதமாகப் போடுகிறார். தறி ஷெட்டில் பலரும் டீக்கு நடுவே போடுவார்கள், அதை யாரும் மருந்து என்று எண்ணுவதில்லை. இடுப்பு வலிக்காகப் புத்தூர் எலும்புக் கட்டு வைத்தியரிடமும் காட்டியிருக்கிறார்கள். எலும்பு முறிவோ விலகலோ இல்லை, கட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு சந்தேகம்

முதலாவது அந்த மாத்திரை. பல்லுக்கு விசை கொடுத்தால் அந்தப் படலத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கும். எலும்பைக் கரைக்கும் வேலையைத் தூண்டுவதில் அதற்குப் பெரிய பங்கு. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை வலியைக் குறைப்பதே புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். விலங்குச் சோதனைகளில் டைக்ளோஃபெனாக் பல் நகர்வை வெகுவாகக் குறைத்திருக்கிறது. பாராசிட்டமாலுக்கு அந்தப் பாதிப்பு அநேகமாக இல்லை. கிளிப் போட்டவர்களுக்கு வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வைட்டமின் டி. தொடையிலும் இடுப்பிலும் வலி, உட்கார்ந்து எழச் சிரமம், படி ஏற முடியாமை: இது எலும்பு மென்மை நோயின் வழக்கமான முகம். நகரி வெயில் கொளுத்தும் ஊர், அங்கே வெயில் சத்து குறையுமா என்று கேட்கத் தோன்றும். தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதா ‘பி’ கதிர் நேரடியாகப் படவேண்டும். கூரைக்கு அடியில் அது கிடையாது, கண்ணாடி ஜன்னல் வழியாகவும் வராது. அதிகாலை இளவெயில் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் இந்தக் கதிர் மிகக் குறைவு. நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான், அதாவது காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில், அது போதுமான அளவு கிடைக்கும். கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். எட்டு வருடமாக அந்த நேரம் முழுவதும் இவர் தறிக்கு முன்னால் நின்றிருக்கிறார். சோறு, சாம்பார், காய் என்ற சாப்பாட்டிலும் வைட்டமின் டி அநேகமாக இல்லை. கொழுப்பு மிகுந்த மீன், முட்டை மஞ்சள் கரு போன்ற சிலவற்றில்தான் உண்டு.

பல் நகர்வதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தோலில் உருவாகும் வைட்டமின் டி கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் அடைந்து கால்சிட்ரியால் என்ற ஹார்மோன் ஆகிறது. அது குடலில் கால்சியத்தை இழுக்கும். எலும்பு கட்டும் செல்கள் வழியாக எலும்பு கரைக்கும் செல்களையும் உருவாக்கத் தூண்டும். பல் நகர்வது என்றால் ஒரு பக்கம் எலும்பு கரைய வேண்டும், மறுபக்கம் கட்ட வேண்டும். இரண்டிலும் இந்த ஹார்மோனுக்குக் கை உண்டு. நீண்ட நாள் குறைபாட்டில் புதிதாகக் கட்டிய எலும்பில் சுண்ணாம்பு ஏறாமல் மெத்தென்ற படலமாக நின்றுவிடும். கரைக்கும் செல்களால் அந்தப் படலத்தை எளிதில் கரைக்க முடியாது. கூடவே, ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பின் வரவு செலவையே குழப்பிவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ரத்தப் பரிசோதனையில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, அதாவது உடம்பில் உள்ள வைட்டமின் டி இருப்பைக் காட்டும் அளவு, மில்லிலிட்டருக்கு 7.8 நானோகிராம் வந்தது. 20-க்குக் கீழே குறைபாடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. கால்சியம் 8.4, வழக்கமான கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழே. எலும்பு மென்மையானால் ஏறும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் பாராதைராய்டு ஹார்மோனும் உயர்ந்திருந்தன. சிறுநீரகமும் தைராய்டும் சரியாக இருந்தன.

இதற்கு மருந்து எழுதுவது என் வேலை இல்லை என்று முடிவு செய்து, திருப்பதியில் ஒரு பொது மருத்துவரிடம் அனுப்பினேன். பல் மருத்துவர் ஒரு வைட்டமின் டி பொடிப் பாக்கெட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம், ஆனால் 7.8 என்பது முழு உடம்பின் பிரச்சினை. அவர் இடுப்பு எக்ஸ்ரேயும் எடுத்து, விரிசல் இல்லை என்று உறுதி செய்தார். எலும்பு மென்மை நோய் என்று முடிவு சொல்லி, வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி3 எட்டு வாரத்துக்கும், தினமும் கால்சியமும் கொடுத்தார். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினார், தேவைப்பட்டால் பாராசிட்டமால் மட்டும்.

என் பக்கத்து முடிவு, பற்களை அப்படியே கட்டி வைத்து மூன்று மாதம் எந்த விசையும் கொடுக்காமல் இருப்பது. சுண்ணாம்பு ஏறாத எலும்பில் விசையைத் தொடர்ந்தால் பல் நகராமல் வேர் மட்டும் கரையலாம். மழுங்கத் தொடங்கிய வேருக்கும் ஓய்வு தேவைப்பட்டது. கல்யாணத்துக்கு முன் சிகிச்சை முடியாது என்பதையும் அன்றே வெளிப்படையாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “முதல்ல அவ எழுந்து நடக்கட்டும்மா, பல்லு கெடக்குது” என்றார்.

இடையில் நடந்த ஒன்று

தையில் ஒருநாள் இவருடைய தங்கைக்கும் கால் வலி என்று, வாங்கி வைத்திருந்த பாக்கெட்டைத் தினம் ஒன்றாக ஒன்பது நாள் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். சத்து மாவு மாதிரி என்று நினைத்திருக்கிறார்கள். மொத்தம் 5,40,000 யூனிட். வைட்டமின் டி கொழுப்பில் கரையும், உடம்பில் தங்கும், மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, அதிக தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். கேள்விப்பட்ட உடனே நிறுத்தச் சொல்லி அதே மருத்துவரிடம் அனுப்பினேன். கால்சியம் 10.3 இருந்தது, எல்லைக்குள்தான். இரண்டு வாரம் கழித்தும் சரியாக இருந்தது. அன்று முதல் என்னிடம் வருகிறவர் யாராவது இந்த மருந்து சாப்பிடுவதாகச் சொன்னால், பாக்கெட்டை வாங்கி அதன்மேல் “ஞாயிறு மட்டும்” என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

மீண்டும் தொடங்கியது

பங்குனியில் வைட்டமின் டி 34 வந்திருந்தது. பாராதைராய்டு ஹார்மோன் எல்லைக்குள் வந்துவிட்டது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது, எலும்பு தேறும் காலத்தில் அப்படித்தான் இருக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தார். மாதம் ஒரு பாக்கெட் என்று மருத்துவர் மாற்றினார். தறி முதலாளியிடம் கேட்டு மதியச் சாப்பாட்டை ஷெட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்துகொண்டார். முன்பு கைவிட்டிருந்த ராகிக் களியும் வாரம் நான்கு நாள் வீட்டில் திரும்பி வந்தது. 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது.

அந்த வருகையில் அம்மா ஒரு கேள்வியோடு வந்தார். “இந்த வைட்டமினை ஊசியா பல்லு பக்கத்துலயே போட்டா சீக்கிரம் நகருமாமே, போன்ல பார்த்தோம். எங்களுக்கும் போடுங்களேன்.”

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 1988-இல் காலின்ஸ், சின்க்ளேர் என்ற இருவர் பூனைகளின் பல்லைச் சுற்றியுள்ள படலத்தில் வாரம் ஒருமுறை கால்சிட்ரியால் ஊசி போட்டு, 21 நாளில் ஊசி போட்ட பல் 60 சதவீதம் அதிகம் நகர்ந்ததைக் காட்டினார்கள். 2004-இல் எலிகளில் செய்த ஆய்விலும் நகர்வு கூடியது. ஆனால் அங்கே போட்டது நேரடி ஹார்மோன், அந்த இடத்தில் மட்டும், மிகச் சிறிய அளவில். கடையில் வாங்கும் பாக்கெட் வேறு. உடம்பில் வைட்டமின் டி போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் பல் வேகமாக நகரும் என்று நான் யாருக்கும் உறுதி தர முடியாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அதுவும் வேர் மழுங்கிய பல்லில் அப்படி ஒரு ஊசியை நான் போட மாட்டேன். இதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். “உங்க பொண்ணுக்கு வைட்டமின் குடுத்தது பல்லுக்காக இல்லம்மா, எலும்புக்காக” என்றதும் புரிந்துகொண்டார்.

பிறகு பழைய 150 கிராம் சுருள் வில்லையே மாட்டினேன். சித்திரையில் வலப்பக்கம் 4.1, வைகாசியில் 3.3, ஆனியில் 2.6, ஆடியில் 1.8. மாதத்துக்கு 0.8 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. இடப்பக்கமும் ஏறக்குறைய அதே வேகம்.

விளைவு

அடுத்த தையில் கிளிப்போடேயே கல்யாணம் நடந்தது. முன்பற்களின் கம்பியை மட்டும் நான்கு நாள் கழற்றி வைத்தேன். மொத்தச் சிகிச்சை 31 மாதம் ஆனது, நான் சொன்னதைவிட ஒன்பது மாதம் அதிகம். முன்பற்கள் உள்ளே வந்துவிட்டன, கடி நன்றாகச் சேர்கிறது. வேர் மழுங்கிய அளவு மார்கழியில் பார்த்ததைவிடக் கூடவில்லை, ஆனால் இழந்த வேர் திரும்பாது. அதைப் பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன்.

வைட்டமின் டி ஏறியதால்தான் பல் நகர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே காலத்தில் மூன்று மாற்றம் நடந்தது: குறைபாடு தீர்ந்தது, டைக்ளோஃபெனாக் நின்றது, என் அதிக விசை நின்று நசுங்கிய படலத்துக்கு ஆற மூன்று மாதம் கிடைத்தது. மூன்றில் எது எவ்வளவு என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரிக்க முடியாது. என் ஊகத்தைக் கேட்டால், மாத்திரையின் பங்கு பெரிது. ஆனால் அந்த மாத்திரையைத் தினமும் போட வைத்ததே வைட்டமின் குறைபாடு தந்த வலிதான் என்பதால், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

மாற்றிக்கொண்டவை

“மாத்திரை சாப்பிடுகிறீர்களா” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “உடம்பு வலிக்கு என்ன போடுவீங்க, வாரத்துல எத்தனை, அட்டையைக் காட்டுங்க” என்று கேட்கிறேன். தறி, பீடி, தையல் என்று கூரைக்கு அடியில் வேலை செய்பவர்களிடம் படி ஏறுவது, தரையில் உட்கார்ந்து எழுவது பற்றியும் கேட்கிறேன். எல்லோருக்கும் வைட்டமின் டி பரிசோதனை எழுதுவதில்லை. அது வீண் செலவு, இங்கே ஒரு நாள் கூலிக்கு மேல் ஆகும். அறிகுறி இருந்தால், அல்லது இரண்டு மாதம் தொடர்ந்து பல் நகராமல் இருந்தால் மட்டும் எழுதுகிறேன்.

பல் நகரவில்லை என்றால் விசையைக் கூட்டுவது கடைசி யோசனையாகக்கூட இருக்கக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அளவெடுப்பதிலும் ஒரு குறை இருந்தது. நான் அளந்தது இடைவெளியை மட்டும்தான். பின்பல் முன்னால் நகர்ந்தாலும் இடைவெளி குறையும், அதைக் கோரைப்பல்லின் நகர்வு என்று எண்ணி ஏமாறலாம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சு எடுத்து, அண்ணத்தில் உள்ள வரிமடிப்பிலிருந்து இரண்டு பல்லையும் அளக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது உள்பக்கம் ஒட்டிய கம்பியோடும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்க இரவில் போடும் ரிடெய்னரோடும் இருக்கிறார். மாத பாக்கெட் தொடர்கிறது, அதன் கணக்கைப் பொது மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். வலது கோரைப்பல்லின் வேருக்கு அடுத்த எக்ஸ்ரே வரும் புரட்டாசியில்.